கார், பைக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மாலை நம் வாசலில் ஒருவர் பின்னால் பார்க்காமல் கார் கதவைத் திறக்க, சைக்கிளில் வந்த பையன் அதில் மோதி விழுந்துவிட்டான், நல்லவேளை முழங்கை சிராய்ப்போடு போனது. ஞாயிறு காலை 7 மணிக்கு வாசலில் பத்து நிமிடம் பேசுவோம். அதுவரை:

1. கதவை ஒட்டிய கையால் திறக்காமல் மற்றக் கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார்.
2. சைக்கிளைத் தாண்டும்போது 1.5 மீட்டராவது விடுங்கள். இடமில்லையா, பின்னாலேயே போங்கள்.
3. உள்ளே மெதுவாக. 50 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரே நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும், பிரேக்கில் கால் போவதற்குள்.
4. நடப்பவர் முதுகில் ஹாரன் வேண்டாம்.

வருகிறவர்கள் சனி இரவுக்குள் பெயர் போடுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது!