ஓடும் சர்வரிலேயே மாற்றம் செய்யலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வரின் திறனைக் கூட்ட அதை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் 2002-இல் ஏஐஎக்ஸ் என்ற தன் இயங்குதளத்தின் 5.2 பதிப்புடன் பவர்4 சர்வர்களில் கொண்டுவந்த வசதியால், ஒரு பார்ட்டிஷனில் (ஒரே சர்வரைப் பிரித்துத் தனிக் கணினிபோல் இயக்கும் பகுதி) சும்மா கிடக்கும் பிராசஸரையும் மெமரியையும், இரண்டு பார்ட்டிஷன்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றுக்கு மாற்ற முடிகிறது. மாத இறுதிக் கணக்கு முடிக்கும் இரவுகளில் இதன் அருமை தெரியும்.

ஆயினும், பார்ட்டிஷனுக்கான அளவுகளைப் பதிந்து வைக்கும் புரொஃபைலில் குறித்த அதிகபட்ச அளவைத் தாண்ட இயலாது. அந்த வரம்பை உயர்த்த, பார்ட்டிஷனை நிறுத்தி மீண்டும் இயக்கியே தீர வேண்டும். எனவே, நிர்வாகிகள் அதைத் தொடக்கத்திலேயே சற்றுத் தாராளமாக வைக்கலாம். அளவுக்கு மீறி வைத்தாலோ, மெமரியில் எது எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பக்க அட்டவணைக்கென, பார்ட்டிஷன்களை நிர்வகிக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர் அதற்கேற்ப மெமரியை எடுத்துக்கொள்ளும். செய்த மாற்றத்தைப் புரொஃபைலிலும் சேமிக்காவிட்டால், அடுத்த முறை அந்தப் புரொஃபைலைக் கொண்டு பார்ட்டிஷனை இயக்கும்போது பழைய அளவே திரும்பி வரும்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்