"சுவாரசியம்னா நல்லதுதானே டீச்சர்?"

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. முகப்பு, வளவு, பட்டாலை என்று வீட்டின் பகுதிகளுக்கு எங்கள் ஊரில் வழங்கும் சொற்களை விசாரித்து எழுதியிருந்தார் உங்கள் செய்தியாளர். அந்த அக்கறைக்கு நன்றி. ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது. "வீட்டைச் சுற்றிக் காட்டிய அம்மாளின் ஆங்கிலம் வீட்டைவிடச் சுவாரசியமாக இருந்தது" என்று சொல்லிவிட்டு, வெளிநாட்டு விருந்தினரிடம் அவர் பேசியதை அப்படியே அச்சில் போட்டிருந்தார்: "திஸ் ஹவுஸ் ஹண்ட்ரட் டென் இயர். பில்லர் பர்மா டீக். வால் லைம், எக் ஒயிட். டச், டச். வெரி கூல்."

அந்த அம்மாள் என் மாணவி. பள்ளியில் படித்த மாணவி அல்ல. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நான்கு வருடமாக மாலை ஏழு மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து படிப்பவர். ஞாயிறு சாயங்காலம் உங்கள் இதழை நாலாக மடித்து மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். அந்த வரியில் விரலை வைத்து, "சுவாரசியம்னா நல்லதுதானே டீச்சர்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொன்னேன். முப்பத்தாறு வருட ஆசிரியர் வேலையில் நான் மாணவரிடம் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை யாரோ அவருக்கு அர்த்தத்தை விளக்கிவிட்டார்கள். புதன்கிழமையிலிருந்து அவர் வகுப்புக்கு வரவில்லை. விருந்தினர் வந்தால் இப்போது கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் நிற்கிறாராம்.

ஐயா, அவர் பேசியதில் என்ன குறை? வீட்டின் வயது வந்துவிட்டது. தூண் என்ன மரம், சுவர்ப் பூச்சில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதும் வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்கும் என்பதைக்கூடச் சொல்லிவிட்டார். விருந்தினர் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்ததாக உங்கள் கட்டுரையே சொல்கிறது. புரியாமலா வைத்தார்? அவர் பெரும்பாலும் விட்டது 'இஸ்' என்ற ஒரு சின்னச் சொல்தான். தமிழில் அந்தச் சொல்லே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "இது நூறு வருசத்து வீடு" என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. ஐம்பது வருடம் அப்படியே பேசிய நாக்கு, இன்னொரு மொழியிலும் முதலில் அப்படித்தான் பேசும். மேசை மேல் என்று பொருளை முன்னால் வைத்துப் பழகியவருக்கு, 'ஆன் த டேபிள்' என்று 'மேல்' முன்னால் வருவது சாதாரண விஷயமா?

அதே கட்டுரையில் அடுத்த பத்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். பிரான்சிலிருந்து வந்தவர் "நன்ரி, வனக்கம்" என்று சொன்னாராம். "கொஞ்சும் தமிழ்" என்று எழுதியிருக்கிறார் உங்கள் செய்தியாளர். இரண்டு சொல்லைத் தப்பாகச் சொன்ன வெள்ளைக்காரருக்குக் கொஞ்சல், முழு வீட்டையும் இங்கிலீஷில் விளக்கிய எங்கள் அம்மாளுக்குச் சிரிப்பு. இதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் முப்பது வயதில்தான் தமிழ் நாட்டில் கால் வைத்தார். பிறகு தேம்பாவணி பாடினார். முதல் வருடம் அவர் பேசிய தமிழைக் கேட்டு நம் முன்னோர் சிரித்துத் திண்ணையைவிட்டு இறக்கிவிட்டிருந்தால் தேம்பாவணி ஏது?

எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், கொண்டுவிற்கப் போன ஒரு செட்டியார் வீட்டாரோடு பர்மாவுக்குக் கணக்கு எழுதப் போனார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. நெல் வயல்காரர்களோடு பேசிப் பேசியே பர்மிய மொழி படித்தார். நான் சிறுமியாக இருந்தபோதும் எங்கள் வீட்டுப் பூனையைப் பர்மிய மொழியில்தான் அழைப்பார். இந்த வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண்கள் எல்லாம் இப்படி வயதுவந்த பிறகு வேற்று மொழி பழகியவர்கள் சம்பாதித்தது. அந்தத் தூணுக்குக் கீழே நின்றுகொண்டு, வயதான பிறகு மொழி படிப்பவரைக் கேலி செய்யலாமா?

"ஐந்தில் வளையாதது" என்று உடனே பழமொழி சொல்வார்கள். என் வகுப்புக்கு வருகிறவர்கள் பாதிப் பேரை வீட்டில் இந்தப் பழமொழியைச் சொல்லித்தான் தடுத்தார்கள். சிறுவயது தாண்டிவிட்டால் மொழி கற்பது கடினம் என்று 1967இல் லென்னெபெர்க் என்ற ஆய்வாளர் எழுதியதையும் நான் படித்திருக்கிறேன். ஆனால் 1978இல் நெதர்லாந்தில், டச்சு மொழி கற்ற ஆங்கிலம் பேசுவோரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். தொடக்க மாதங்களில் சின்னப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் வேகமாகக் கற்றார்கள். பிள்ளைகள் பின்னால் எட்டிப் பிடிப்பார்கள், உச்சரிப்பில் முந்தியும் போவார்கள், சரி. என் திண்ணையில் இருப்பவர்களுக்கு லண்டன் உச்சரிப்பு எதற்கு? ஒருவர் ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், போடுகிறவர். பார்க்க வருகிற வெளிநாட்டாருக்குத் தன் வேலையைச் சொல்ல வேண்டும். இன்னொரு ஆச்சிக்கு மகன் அமெரிக்காவில் இருக்கிறார். பேத்திக்குத் தமிழ் வராது. போனில் அந்தப் பிள்ளையிடம் "சாப்பிட்டியா"வுக்கு மேல் நாலு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் பெரியவர்களுக்கு ஒன்று உண்டு, வெட்கம். பிள்ளைகளுக்கு அது கிடையாது. இதை நானே தாமதமாகத்தான் கற்றேன். பதினோரு வருடம் முன்பு வகுப்பைத் தொடங்கியபோது, பள்ளிக்கூடத்தில் செய்தது மாதிரியே எல்லோரையும் எழுந்து நிற்கவைத்துப் பாட்டுச் சொல்லவைத்தேன். ஒரு கொத்தனார் மூன்றாம் நாள் நோட்டைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போனார். திரும்பவே இல்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு பாட்டு இல்லை. பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையும் இல்லை. பூக்கல் போடுகிறவரிடம் "ஒரு கல்லை எப்படிச் செய்றீங்க, எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டேன். கண்ணாடி, அதன்மேல் அச்சு, அச்சுக்குள் கலர், அதற்குமேல் மணலும் சிமெண்டும், பிறகு தண்ணீரில் ஊறல், வெயில். இதைச் சொல்ல அவருக்கு 'ஃபர்ஸ்ட்', 'தென்', 'ஆஃப்டர் தட்' மூன்றும் தேவைப்பட்டன. அன்றைக்கு அதுதான் பாடம். 1979இல் மொழிக் கல்வி அறிஞர் என்.எஸ். பிரபு பெங்களூரில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துத் தொடங்கியதும், இலக்கணத்தைவிட்டு ஒரு வேலையைக் கொடுத்து மொழி பழக்கும் ஏறக்குறைய இந்த வழிதானே?

1991இல் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது பெண்கள் சைக்கிள் பழகியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விழுந்து எழுந்துதான் பழகினார்கள். விழுந்ததை யாரும் சுவாரசியம் என்று எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இதழின் முதல் பக்கத்திலேயே 'முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்' என்ற விளம்பரம் வாரம் தவறாமல் வருகிறது. அப்படி ஒரு விளம்பரத்தை நம்பி என் மாணவி ஒருவர் காதுத்தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார். கிடைத்தது நாற்பது பக்க ஜெராக்ஸ். அதே பெண், ஒரு வங்கியில் முழுக்க ஆங்கிலத்தில் இருந்த படிவத்தைத் தப்பாக நிரப்பினார் என்று கவுண்டரில் இருந்தவர் அவர் கண்ணெதிரே கிழித்துப் போட்டார். படித்தால் கேலி, படிக்காவிட்டால் இது. எங்கள் ஊர்க்காரர்கள் என்னதான் செய்வது?

என் கோரிக்கை சின்னதுதான். உங்கள் இதழில் 'ஆங்கிலம் பழகுவோம்' என்று ஒரு பகுதி வருகிறது. என் மாணவர்கள் எல்லோரும் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அது சிறுவர் பக்கத்தில், கரடி பொம்மைப் படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் வருகிறது. பேரன் படிக்கிற பக்கத்தைத் தான் வெட்டுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அந்த அமெரிக்கா ஆச்சி கதவைச் சாத்திக்கொண்டு வெட்டுகிறாராம். பேரிக்காயையும் 'பேர்' என்றுதான் போடுகிறீர்கள், கரடியையும் 'பேர்' என்றுதான் போடுகிறீர்கள். அதில் குறை சொல்ல மாட்டேன், தமிழ் எழுத்து அப்படி. நான் உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடிக்கச் சொல்வேன். பேரிக்காய்க்குக் காகிதம் துள்ளும், கரடிக்கு அசையாது. சுற்றிக் காட்டும் அந்த அம்மாள்தான் இதை முதலில் பிடித்துக்கொண்டார். காகிதம் துள்ளியதும் கையைத் தட்டி, "மறுபடி, மறுபடி" என்றார்.

அந்தப் பகுதியைச் சிறுவர் பக்கத்திலிருந்து எடுத்து, பெரியவர்கள் படிக்கிற பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். பொம்மை வேண்டாம். முடிந்தால் வரும் ஞாயிறே தொடங்குங்கள். அந்த இதழை எடுத்துக்கொண்டு நான் அந்த அம்மாள் வீட்டுக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
பள்ளத்தூர்.