ஸ்பார்ட்டாவின் மலைப்பள்ளத்தைக் காட்டும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

யூடியூபில் வரலாற்றுக் காணொலி போடும் உங்கள் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லிக் குறை கூறும் யோக்கியதை எனக்கு இல்லை. முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். நீங்கள் சொல்லும் அதே கதையை வருஷம் தவறாமல் நானும் சொல்லியிருக்கிறேன். பழைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவில் குழந்தை பிறந்ததும் பெரியவர்கள் தூக்கிப் பார்ப்பார்கள், நோஞ்சான் என்றால் டேகெட்டஸ் மலைப்பள்ளத்தில் போட்டுவிடுவார்கள் என்று. கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். அதற்காகவே சொன்னேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அந்தக் கதை நமக்குக் கிடைப்பது, ஸ்பார்ட்டாவுக்குச் சட்டம் வகுத்ததாகச் சொல்லப்படும் லைகர்கஸைப் பற்றி புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் எழுதிய வரலாற்றிலிருந்து. அவர் எழுதியது கி.பி. 100-ஐ ஒட்டி. லைகர்கஸின் காலமோ, அப்படி ஒருவர் இருந்திருந்தால், அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. இந்த மனிதரைப் பற்றி மறுப்புக்கு இடமில்லாமல் எதையும் சொல்ல முடியாது என்று புளூட்டார்க்கே முதல் வரியில் ஒப்புக்கொள்கிறார். அந்த முதல் வரியை நான் வகுப்பில் படித்துக் காட்டியதே இல்லை. நீங்களும் காட்டுவதில்லை. அந்த மலைப் பகுதியில் தோண்டி ஆராய்ந்த ஒரு குழியில் கிடைத்த எலும்புகளும் பெரும்பாலும் வளர்ந்தவர்களுடையவை.

இதே புளூட்டார்க் சொல்லும் இன்னொரு ஸ்பார்ட்டாக் காட்சி இருக்கிறது. அகெசிலாஸ் என்ற அரசர், பாரசீகரை அவர்கள் மண்ணிலேயே போய் எதிர்த்தவர், வீட்டில் ஒரு கோலைக் குதிரையாக வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஓடி விளையாடுவாராம். அதை ஒரு நண்பர் பார்த்துவிட்டார். "நீயும் ஒரு பிள்ளைக்கு அப்பாவாகிறவரை இதை வெளியே சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டாராம் அரசர். அந்த அரசரும் இளமையிலிருந்தே ஒரு கால் சற்று நொண்டியவர்தான் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புளூட்டார்க்கின் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் போக வேண்டும். நான்கு மகன்களுக்குப் பிறகு, ஏங்கிப் பெற்ற மகள் அவருக்கு. பெயர் டிமோக்சீனா, அம்மாவின் பெயரேதான். இரண்டு வயதில் இறந்துவிட்டாள். அப்போது அவர் ஊரில் இல்லை. தகவல் கொண்டுபோன ஆள் வழியில் அவரைத் தவறவிட்டான். பிறகு மனைவிக்கு அவர் எழுதிய ஆறுதல் கடிதம் இன்றும் இருக்கிறது. அழுகையை அடக்கிக்கொள் என்று தத்துவம் பேசும் கடிதம்தான். ஆனால் நடுவில் மனிதர் தடுமாறுகிறார். தனக்குப் பால் கொடுக்கும் செவிலியிடம், மற்ற குழந்தைகளுக்கும் தன் பொம்மைகளுக்கும்கூட பால் கொடுக்கச் சொல்வாளாம் அந்தப் பிள்ளை. அதை மறக்க அவருக்கு மனம் வரவில்லை. மலைப்பள்ளத்தைப் பற்றி எழுதிய அதே கை!

உடனே, "அப்படியானால் கிரேக்கர்கள் குழந்தைகளை வெளியே போடவே இல்லையா சார்?" என்று கேட்பீர்கள். போட்டார்கள். பிறந்து சில நாளில் குழந்தையைக் குடும்பத்தில் ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை ஏதென்ஸில் தகப்பனிடம் இருந்தது. எகிப்தில் கிடைத்த ஒரு கிரேக்கக் கடிதம், கி.மு. 1-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹிலாரியோன் என்ற கூலியாள் அலெக்சாண்ட்ரியாவிலிருந்து மனைவி ஆலிஸுக்கு எழுதுகிறான். ஆண் பிறந்தால் வைத்துக்கொள், பெண் என்றால் போட்டுவிடு என்கிறான். இந்த வரியை எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அதற்குச் சற்று முன்னால், "சின்னதைப் பார்த்துக்கொள், கெஞ்சிக் கேட்கிறேன், கூலி கைக்கு வந்ததும் அனுப்புகிறேன்" என்று இருக்கிறது. பின்னால், "உன்னை எப்படி மறப்பேன், கவலைப்படாதே" என்று இருக்கிறது. ஒரே ஆள், ஒரே தாள். இதை நல்லவன் கெட்டவன் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது, முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டலாமே.

அகோரா எனப்படும் ஏதென்ஸ் சந்தைவெளியில் 1930-களில் தோண்டிய கிணற்றைப் பற்றியும் காணொலிகள் பார்த்தேன். சுமார் 450 சிசுக்களின் எலும்புகள். "கொலைக் கிணறு" என்று தலைப்பு. 2018-இல் வெளியான விரிவான ஆய்வோ, பெரும்பாலானவை பிறப்பையொட்டி நோயாலும் பிற இயல்பான காரணங்களாலும் இறந்தவை என்கிறது. கொலைக்கும் சாவுக்கும் வித்தியாசம் உண்டில்லையா?

பிள்ளைகள் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். வயதான பெற்றோருக்குச் சோறு போடாதவன் ஏதென்ஸில் குடியுரிமையையே இழக்க நேரும். ஆனால் மகனுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுக்காத தகப்பன், மகன் தன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்க முடியாது. ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோனின் சட்டம் அது. சட்டத்தை விடுங்கள். ஹோமரின் ஒடிசி காவியத்தின் கடைசிப் பகுதியில், இருபது வருஷம் கழித்துத் திரும்பி வரும் நாயகன் ஒடிசியஸ், தோட்டத்தில் கிழிந்த துணியோடு மண் கொத்திக்கொண்டிருக்கும் அப்பா லேயர்டீஸைப் பார்க்கிறான். நான்தான் உன் மகன் என்றால் கிழவர் நம்பவில்லை. காலில் இருக்கும் தழும்பைக் காட்டுகிறான். அதோடு மரங்களை எண்ணிச் சொல்கிறான்: சின்ன வயதில் உன் பின்னாலேயே நடந்து ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டேன், 13 பேரி, 10 ஆப்பிள், 40 அத்தி எனக்கென்று கொடுத்தாய், 50 வரிசை திராட்சை தருகிறேன் என்றாய். கிழவருக்கு முழங்கால் தளர்ந்துவிடுகிறது. இந்த இடத்தைப் படித்தபோதுதான், முப்பது வருஷம் எதைச் சொல்லாமல் விட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த காணொலிக்கு முகப்புப் படம் தேடும்போது மலையுச்சியை விட்டுவிடுங்கள். ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில் சுட்ட மண்ணில் செய்த ஒரு குழந்தை நாற்காலி இருக்கிறது. 2,500 வருஷத்துக்கும் மேல் பழையது, நடுவில் ஓட்டை, பிள்ளை வெளிக்குப் போவதற்கு. அதே மாதிரி நாற்காலியில் ஒரு குழந்தை உட்கார்ந்துகொண்டு எதிரே இருக்கும் பெண்ணை நோக்கிக் கையை நீட்டும் ஓவியம், பிரசல்ஸில் உள்ள ஒரு கிரேக்கக் கிண்ணத்தில் இருக்கிறது. அதைப் போடுங்கள். பார்வை கொஞ்சம் குறையலாம். நான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு வரலாற்று வாத்தியார்