இலையைத் திருப்பிப் பார், மகளே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தில் உள்ளங்கை நிறையச் சிவப்புப் பழங்கள் மட்டும்தான் தெரிகின்றன. அதை வைத்து இது சதுப்பு நிலத்துப் புளிப்புப் பழமான கிரான்பெர்ரிதான் என்று என்னால் சொல்ல முடியாது. வேறு யார் சொன்னாலும் நம்பாதே. கொடியையும் இலையையும் அது வளர்ந்த நிலத்தையும் பார்த்த பிறகுதான் எந்தப் பழத்தையும் வாயில் வைக்க வேண்டும்.

நீ இருக்கும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் காட்டுக் கிரான்பெர்ரி இரண்டு வகை. இரண்டுமே தரையோடு படரும். குளிர்காலத்திலும் இலை உதிர்க்காது. சிறிய வகையை அந்த ஊர்க்காரர்கள் மார்ஷ்பெர்ரி என்பார்கள். நூல் போன்ற தண்டு பாசிக்குள்ளேயே ஓடும். இலை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. நுனி கூராக, விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டு, அடிப்புறம் வெளுத்திருக்கும். பெரிய வகையில் இலை சற்று நீளம், நுனி மழுங்கல். இன்னும் சந்தேகமென்றால் பழக்காம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார். அதில் இரண்டு குட்டிச் செதில்கள் இருக்கும். பெரிய வகையில் அவை பச்சையாக, சிறு இலைகளாகவே, பழத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சிறிய வகையில் சிவந்து மெலிந்து, காம்பின் நடுவிலோ அதற்குக் கீழேயோ இருக்கும். பழத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே நான்கு காற்றறைகள் தெரியும். அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது.

இந்த இரண்டில் எதை எதுவென்று மாற்றிச் சொன்னாலும் கெடுதல் இல்லை, இரண்டையும் சாப்பிடலாம். எனக்குக் கவலை போக் ரோஸ்மேரி என்ற நச்சுச் செடியைப் பற்றித்தான். அதுவும் அதே பாசியில்தான் வளரும். அதன் இலைக்கும் விளிம்பு சுருண்டு, அடிப்புறம் வெளுத்திருக்கும். ஆனால் அது படராமல் நிமிர்ந்து நிற்கும், இலை இன்னும் நீளமாக, நீலம் கலந்த பச்சையாக இருக்கும், காய் சதைப்பற்று இல்லாமல் காய்ந்துபோகும். அதிலுள்ள கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு இதயத்துடிப்பையே குலைக்கும். அவசரமாக அள்ளிப் பறித்தால் அந்த இலையும் வாளியில் விழுந்துவிடும். ஒவ்வொன்றாகப் பறி, வீட்டுக்கு வந்ததும் இலைகளைப் பொறுக்கி எறி.

பார்ட்ரிட்ஜ்பெர்ரியும் நல்ல பழம்தான், ஆனால் அது வேறு செடி. மேட்டு நிலத்தில், தண்டின் நுனியில் கொத்தாகக் காய்க்கும். தடித்த பளபளப்பான இலையைத் திருப்பினால் அடியில் கரும்புள்ளிகள் இருக்கும். ஹைபுஷ் கிரான்பெர்ரி என்பது கிரான்பெர்ரியே அல்ல, மேப்பிள் இலை போட்ட புதர். பழத்துக்குள் ஒரே ஒரு தட்டைக் கொட்டை.

நிலத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிரான்பெர்ரி வளரும் இந்தச் சதுப்புக்கு ஆறோ ஊற்றோ கிடையாது, மழைதான் சோறு. ஸ்பேக்னம் பாசி அந்த நீரைப் பிடித்துவைத்துப் புளிப்பாக்கிவிடுகிறது. சத்தே இல்லாத அந்த ஈரத்தில் பெரும்பாலான செடிகள் பிழைப்பதில்லை. கிரான்பெர்ரியின் வேரில் குடியிருக்கும் பூஞ்சை அதற்கு நைட்ரஜன் தேடித் தருகிறது. பக்கத்திலேயே குடுவைச் செடி பூச்சியைப் பிடித்து அதே பசியைத் தீர்த்துக்கொள்கிறது. 1954 முதல் உன் மாகாணத்தின் மலர் அதுதான். குடுவைச் செடியும் வெண்பஞ்சு ஆடும் புல்லும் ஒரே இடத்தில் தெரிந்தால், குனிந்து பாசிமேடுகளைத் தேடு. பழம் பாசியின்மேல் தனித்தனியாகக் கிடக்கும்.

காலடியைப் பார்த்து வை. பாசி மட்கிப் பீட் ஆகி, ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் உயர்கிறது. உன் முழங்கால் உயரத்துக்கு அது சேர ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டு ஆகியிருக்கும். பலரும் நடந்த தடத்திலேயே நட, கொடியை வேரோடு இழுக்காதே. குட்டையின் விளிம்பில் பாசி மிதந்துகொண்டிருக்கும், தரை என்று நம்பிக் கால் வைக்காதே. கம்பால் குத்திப் பார். மூடுபனி இறங்கினால் பழம் கிடக்கட்டும், திரும்பிவிடு. தனியாகப் போகவே போகாதே.

அக்டோபரில் கெட்டியாகச் சிவந்ததைப் பறித்தால் போதும். கழுவித் துடைத்து, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மிளகாய்த்தூளும் வெந்தயப்பொடியும் உப்பும் போட்டு வதக்கு. தண்ணீர் ஊற்றாதே, பழம் வெடித்துத் தானே குழையும். புளி வேண்டாம்; அந்தப் புளிப்பே தாராளம். தயிர்சாதத்துக்கு அருமையாக இருக்கும்.

அன்புடன்,
அம்மா