கழிவுப்பாகும் பிளாஸ்டிக்கும்

ரோஸ் ஹில், மொரிசியஸ்

அன்புள்ள முருகேசு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. எனக்கு முழங்கால் வலிதான், மற்றபடி குறையில்லை. பேத்தி இங்கே பல்கலைக்கழகத்தில் உயிர்நுட்பம் படிக்கிறாள். வீட்டில் எந்நேரமும் பாக்டீரியா பேச்சு.

சர்க்கரை எடுத்தபின் ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து பிளாஸ்டிக் செய்யலாமாமே, நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான், புதிதும் இல்லை. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவான் என்ற விஞ்ஞானி 1926இலேயே பாசிலஸ் என்ற வகை பாக்டீரியாவுக்குள் கண்டுபிடித்த பொருள் அது. பிஎச்பி என்பார்கள், பாக்டீரியாவே செய்யும் பிளாஸ்டிக். பாக்டீரியாவுக்குச் சர்க்கரையைத் தாராளமாகக் கொடுத்து நைட்ரஜனை மட்டும் குறைத்தால் அது பெருக முடியாது. மிஞ்சியதை, நாம் தொப்பை போடுகிற மாதிரி, உடம்புக்குள் உருண்டை உருண்டையாகச் சேர்த்துக்கொள்ளும். நன்றாக வளர்த்தால் உலர்ந்த எடையில் 80 சதவீதம் வரைகூட அதுதான்.

தலைவலி அப்புறம்தான். செல்லை உடைத்து உருண்டையைப் பிரிக்கக் கரைப்பான் வேண்டும், நீராவி வேண்டும். ஒரு கிலோ பிஎச்பிக்குச் சுமார் 3 கிலோ சர்க்கரை போகிறது. பெட்ரோலியச் சரக்கோடு விலையில் எப்படி நிற்கும்? 1990இல் ஜெர்மனியில் ஷாம்பு பாட்டிலாகவே கடைக்கு வந்தும் பரவவில்லை. பிரேசிலில் செரானா என்ற ஊரில் சர்க்கரை ஆலையோடு சேர்த்தே சோதனை ஆலை போட்டார்கள். நீராவிக்குக் கரும்புச் சக்கை. கரைப்பானுக்கு, எத்தனால் வடிக்கும்போது பக்கத்தில் ஒதுங்கும் கனத்த ஆல்கஹால். ஆலைக்காரன் மூளை! நீயும் நானும் யோசித்திருந்தால் இப்படித்தான் யோசித்திருப்போம்.

இங்கும் சக்கை எரித்து மின்சாரம் எடுக்கிறோம். ஆனால் பாகைக் கேட்டால் ரம் காய்ச்சுகிறவன் முதலில் வந்து நிற்கிறான்.

2016இல் பிளாஸ்டிக் பைக்கு இங்கே தடை வந்தது, 2021இல் தட்டு, ஸ்ட்ராவுக்கும். அதன் பிறகு 'மக்கும்' என்று எழுதிய எதையும் வாங்குகிறார்கள். அப்படி ஒரு பை என் குப்பைக்குழியில் மாதக்கணக்காக முழுசாகக் கிடக்கிறது. அது பிஎல்ஏ என்ற இன்னொரு மக்கும் பிளாஸ்டிக் வகையாக இருந்தால் 60 டிகிரிச் சூடுள்ள உரக்கிடங்கு வேண்டும். பிஎச்பி சாதாரண மண்ணிலும் கடலிலும் மக்கும், ஆனால் மொடமொடவென்று ஒடியும்.

என்னைக் கேட்டால் கடைப்பைக்கு பிஎச்பி வீண், துணிப்பை போதும். தைப்பூசத்துக்கு ஏழுகறிச் சோறு இன்னும் வாழையிலையில்தான் போடுகிறோம், எந்த பாக்டீரியாவும் வேண்டியதில்லை. நாற்றுப் பை, மீன்வலை என்று மண்ணிலும் கடலிலும் தொலையும் சாமான்களுக்கு இதைச் செய்யலாம், விலை கொஞ்சம் கூடினாலும் சரி.

பேத்தி ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் ஆலைப் பாகின் பிரிக்ஸும் (சர்க்கரை முதலான கரைந்த பொருள்களின் அளவு), எரித்தால் மிஞ்சும் சாம்பல் அளவும் அவளுக்கு வேண்டுமாம். பழைய லேப் ஆட்களிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
சுப்பையா