டிஸ்சார்ஜ் சீட்டோடு அரை நாளும் கொடுங்கள்

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கும் நிலைய மருத்துவ அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

வாய்ப் புற்றுநோய் முற்றிப்போய், இனி ஆபரேஷனும் கரண்டு வைப்பதும் (கதிர்வீச்சு சிகிச்சையும்) பயன்படாது என்ற நிலையில், ‘வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பப்படும் நோயாளிகளுக்காக இதை எழுதுகிறோம். மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொண்டுபோகும் ரைல்ஸ் டியூப், கன்னத்தில் திறந்த புண், பையில் கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை. இந்த மூன்றோடு ஒருவர் பஸ் ஏறி வீடு போய்ச் சேரும்போது அந்த வீட்டில் ஒரு மனைவியோ அம்மாவோ மருமகளோ அன்றிலிருந்து நர்ஸ் ஆகிவிடுகிறார். அவருக்கு யாரும் எதையும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்திருப்பதில்லை. சீட்டில் இருப்பது ‘ஆர்.டி. ஃபீட், டெய்லி டிரஸ்ஸிங்’ (டியூபில் உணவு, தினமும் கட்டு) என்ற இரண்டு ஆங்கில வரிகள்தான்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. அனுப்புவதற்கு முன் அரை நாள் ஒதுக்குங்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகும் அந்த ஒருவரே வார்டில் சிஸ்டரின் கண்முன்னால் ஒருமுறை டியூபில் கஞ்சி ஊற்றட்டும், ஒருமுறை புண்ணுக்குக் கட்டுப் போடட்டும், மாத்திரை நேரத்தைத் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். பிறகு அனுப்புங்கள். எதற்காக இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பது, வீட்டில் என்னென்ன தவறிப்போகிறது என்று பார்த்தால் புரியும்.

முதலில் டியூப். வார்டிலிருந்து சிரிஞ்சு கொடுத்தனுப்பாவிட்டால், வீட்டுக்காரர்கள் மருந்துக்கடையில் கேட்டு ஊசி மாட்டும் சாதா சிரிஞ்சை வாங்கி வருவார்கள். அதன் சின்ன முனை டியூபின் வாயில் இறுகி நிற்காது, கஞ்சி பாதி நெஞ்சில் வழியும். முனை நீண்டு பருத்த 50 மில்லி சிரிஞ்சு வேண்டும், இரண்டாகக் கொடுங்கள். தண்டை உருவிவிட்டு, வெறும் குழலை மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஊற்ற வேண்டும். அது தானாக இறங்கவேண்டும். தண்டை வைத்து அழுத்தினால் வயிறு உப்பி வாந்தி வரும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா. ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, அதை ஊற்றி முடிக்கக் கால் மணி நேரமாவது ஆக வேண்டும். தலையணைகளை அடுக்கி நோயாளியைச் சாய்ந்து உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது.

அடைப்பு ஏன் வருகிறது? சத்துமாவுக் கஞ்சி ஆறினால் இறுகும். வடிகட்டாத கஞ்சியில் சிறு கட்டி இருக்கும். பால் கொடுத்த கையோடு எலுமிச்சைச் சாறு ஊற்றினால் குழாய்க்குள்ளேயே திரிந்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், கடைசியில் தண்ணீர் விடாதது. ஒவ்வொரு முறையும் ஊற்றும் முன்னும் பின்னும் கொதித்து ஆறிய தண்ணீர் 30 மில்லி. இந்த ஒரு பழக்கம் பல அடைப்புகளைத் தவிர்க்கும். அடைத்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக விட்டு இழுத்துப் பார்க்கலாம். இறங்காவிட்டால் பலங்கொண்டு அழுத்தக் கூடாது, கம்பி விடவே கூடாது.

டியூப் மூக்கைத் தொடும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். ‘கோடு நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதே’ என்று சொல்லிக்கொடுங்கள். கோடு சரியாக இருந்தும், ஊற்றும்போது இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பிளாஸ்டரைத் தினமும் மாற்றி, ஒட்டும் இடத்தையும் சற்றுத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு மடலில் புண் வரும்.

அடுத்தது கன்னத்துப் புண். குடும்பத்தை நோயாளியிடமிருந்து பிரிப்பது வலியைவிட இந்த நாற்றம்தான். பேரப்பிள்ளை பக்கத்தில் வராது, அக்கம்பக்கத்தார் வாசலோடு திரும்பிவிடுவார்கள், நோயாளியே சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இதற்கு விலை மலிவான மருந்து இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள்தான் அந்த வாடைக்குக் காரணம். மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரையை மாவாகப் பொடித்துப் புண்ணின் மேல் தூவினால் சில நாளிலேயே வாடை குறையத் தொடங்கும். மாத்திரை வாய்வழியாகப் போடத்தானே, புண்ணில் போடலாமா என்று வீட்டில் தயங்குவார்கள். அதனால் டாக்டர் சீட்டிலேயே ‘பொடித்துத் தூவ’ என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கட்டுப் பிரிக்கும்போதுதான் ரத்தம் வருகிறது. காய்ந்து ஒட்டிய துணியை வெடுக்கென்று உரித்தால் அந்தப் புண்ணின் மெல்லிய நாளங்கள் பிய்ந்துவிடும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவைத்தால் அதுதான் சலைன். அதைத் துணியின் மேல் விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். டெட்டாலும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் வேண்டாம், உயிருள்ள சதையையும் அவை எரித்துவிடும். கட்டுப் போடும் காஸ் துணி வாங்கிக் கட்டுப்படியாகாத வீட்டில் பழைய காட்டன் வேட்டி, சேலையைத் துவைத்துச் சதுரமாகக் கிழித்து, மூடிய பாத்திரத்தில் வைத்துக் குக்கரில் 20 நிமிடம் ஆவி காட்டினால் போதும். ஒட்டாமலிருக்க வாசலின் தடவிய துணியை முதலில் வைத்து, அதன் மேல் மற்றவை. ஈ உட்காராமல் முழுவதும் மூடியிருக்க வேண்டும், பகலிலும் கொசுவலை கட்டலாம். புழு வைத்துவிட்டால் அது வீட்டாரின் அசுத்தம் என்று யாரும் பேசக் கூடாது. திறந்த புண்ணும் ஒரு ஈயும் இருந்தாலே போதும், வந்துவிடும். செவிலியர் வந்து டர்பன்டைன் எண்ணெய் காட்டி இடுக்கியால் எடுத்துவிடுவார்.

பெரிய ரத்தப்போக்கைப் பற்றிச் சொல்லாமல் அனுப்புவதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. பயந்துவிடுவார்கள் என்று மறைக்கிறார்கள். சொல்லாவிட்டால்தான் பயம். கறுப்போ கரும்பச்சையோ, அடர்ந்த நிறத்தில் இரண்டு துண்டுகள் தலைமாட்டில் இருக்கட்டும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் ரத்தமும் வெள்ளமாகத் தெரியும். ரத்தம் வந்தால் துண்டை மடித்துப் புண்ணின் மேல் வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிற்காமல் பீறிட்டால் அது கழுத்தின் பெரிய ரத்த நாளமாக இருக்கலாம். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதும் சிகிச்சைதான் என்று முன்கூட்டியே, மெதுவாக, உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

மார்ஃபினுக்கு வருகிறோம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைகளே இந்த மாத்திரையைத் தொடப் பயந்தன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வாங்கி வைக்க வழி செய்தார்கள். மாத்திரை வந்துவிட்டது, அதைப் போடும் முறை இன்னும் வீடுவரை வரவில்லை. ‘வலி வந்தால் போடுங்கள்’ என்பது தப்பான வார்த்தை. சாதா மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுராத்திரி எழுப்பாமலிருக்க இரவு 10 மணிக்கு இரட்டை அளவு என்று டாக்டரே எழுதித் தருவது வழக்கம். இடையில் வலி குத்தினால், அந்த நான்கு மணி நேரத்துக்குரிய அளவை இன்னொரு முறை கொடுக்கலாம் என்பதும் சீட்டில் இருக்க வேண்டும். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்பு ஒரு வேளை மருந்து உள்ளே போயிருந்தால் நோயாளி துடிக்கமாட்டார்.

டியூப் வழியாகக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. சாதா 10 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து விடலாம். 12 மணி நேரம் மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது. அரை நாள் மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறி மூச்சைத் தணித்துவிடும். டியூப் போட்டவருக்கு அந்த வகையை எழுதாதீர்கள்.

மார்ஃபினை வீட்டார் நிறுத்திவிடுவதற்குப் போதை பயத்தை எல்லாரும் காரணமாகச் சொல்கிறார்கள். மலச்சிக்கலும் அதே அளவு காரணம். முதல் சில நாள் வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் போய்விடும், மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. மார்ஃபின் எழுதும் அதே பேனா, அதே வரியில் இரவுக்கு மலம் இளக்கும் பிசாகோடில் மாத்திரையையும் எழுத வேண்டும். அது முழுதாக விழுங்கும் மாத்திரை என்பதால், டியூப் உள்ளவருக்குச் சிரப்போ ஆசனவாயில் வைக்கும் மருந்தோ கொடுங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மிகவும் மெதுவாவது, கைகால் திடீர் திடீரென வெட்டி இழுப்பது, சிறுநீர் குறைவது, இந்த நான்கில் எது வந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் போன் செய்யச் சொல்லுங்கள். மாத்திரை தீர்ந்துபோய்த் திடீரென நிற்கவும் விடக்கூடாது. படுத்த படுக்கையாக இருப்பவரை நேரில் கொண்டுவரச் சொல்லாமல், பராமரிப்பவர் சீட்டோடு வந்தாலே அடுத்த இரண்டு வாரத்துக்குக் கொடுங்கள்.

இத்தனையையும் ஒரு வார்டையே தனியாளாகப் பார்க்கும் சிஸ்டரின் தலையில் கட்டச் சொல்லவில்லை. இதற்கென்று வாரத்தில் இரண்டு நாள் ஒரு செவிலியரை விடுவியுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர்கள் (குணமாகாத நோயில் வலியையும் அவதியையும் தணிப்பவர்கள்) வீடு தேடிப் போகிறார்கள். நோயாளி வார்டைவிட்டுக் கிளம்பும்போதே அந்த வட்டாரச் செவிலியருக்கு ஒரு போன் போனால், முதல் வாரத்திலேயே அவர் வாசலில் நிற்பார். தகவல் போகாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

சொல்லிக்கொடுக்கும்போது ‘புகையிலை போட்டதால் வந்தது’ என்று அந்த அம்மாவின் முன்னால் சொல்லாதீர்கள். அவருக்கு அது தெரியும்.

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் ஒரு போன் நம்பர் எழுதுங்கள், இரவு 2 மணிக்கு அடித்தாலும் எடுக்கிற நம்பராக.

இப்படிக்கு,
வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும், அவர்களோடு நிற்கும் செவிலியர்களும்