எஜமானி நல்லவளாகிவிட்டால் போதுமா? ‘புப்பேசன்னிவாட்’ எடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

‘புப்பேசன்னிவாட்’ என்ற தாய்லாந்து டிவி தொடரை எழுதி, எடுத்து, நடித்த அனைவருக்கும் வணக்கம்.

2018 பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்த உங்கள் 15 எபிசோடுகளையும் சப்டைட்டில் தயவில் இரண்டு தடவை பார்த்து முடித்திருக்கிறேன். ஆகவே இது வெறுப்பில் எழுதுவது இல்லை. பிடித்துப்போனதால்தான் கேட்கவும் தோன்றுகிறது.

முதலில் தலைப்பு. தமிழ்க் காதுக்கு அது அந்நியமே இல்லை, பூர்வ சந்நிவாசம், அதாவது முன்பு சேர்ந்து வாழ்ந்தது. நாங்கள் பூர்வ ஜென்ம பந்தம் என்று சொல்லிவிட்டுப் போவோம். இந்தச் சொல் வரும் பாலிச் செய்யுள், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் இருக்கிறது. அன்பு எப்படிப் பிறக்கிறது என்பதற்கு அது இரண்டு காரணம் சொல்கிறது: ஒன்று முன்பு சேர்ந்து வாழ்ந்தது, இன்னொன்று இப்போது ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் நன்மை. நீரில் குவளை பூப்பதுபோல என்று உவமையும் உண்டு. நீங்கள் தலைப்பில் முதல் காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். ஆனால் கதையை ஓட்டுவது இரண்டாவதுதான். தொல்லியல் படித்த இந்தக் காலத்துப் பெண் கேட்சுராங் விபத்தில் இறந்து, 17ஆம் நூற்றாண்டில் நாராய் மன்னர் ஆண்ட சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) தலைநகர் அயுத்தயாவில், கொடுமைக்காரி என்று பேரெடுத்த காரகேட்டின் உடம்புக்குள் வந்து விழுகிறாள். நாயகன் தேஜ் அவள்மேல் மனம் வைப்பது போன ஜென்மத்துக் கணக்கினாலா? அவள் இறால் சுட்டு, சட்டி செய்யச் சொல்லி இறைச்சி வாட்டி, தண்ணீர் வடிகட்டி, வாய் ஓயாமல் கேள்வி கேட்டு, வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்ததால்தானே!

(ஒரு சின்னக் குறை, நடுவில் சொல்லிவிடுகிறேன். நவீன காலத்தில் அவள் குண்டுப் பெண். அதே அறிவு, அதே குறும்பு, அதே மனசுதான், ஆனால் காதல் தேடி வருவதற்கு ஒல்லியான உடம்பு ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘பின்’, ‘யேம்’ என்ற பெயர்கொண்ட, காரகேட்டின் இரண்டு பணிப்பெண்கள். காரகேட் கண் விழித்ததும் அவர்கள் நடுங்கும் நடுக்கத்திலேயே பழைய எஜமானி எப்படிப்பட்டவள் என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் கேட்சுராங் அன்பாகப் பேசுகிறாள், பக்கத்தில் உட்காரச் சொல்கிறாள், அவர்கள் பதறுகிறார்கள், நாங்கள் சிரிக்கிறோம். நானும்தான் சிரித்தேன். இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் உறுத்தியது. அடி நின்றுவிட்டது, உடைமை நிற்கவில்லை. எஜமானி நல்லவளாகிவிட்டாள், அவ்வளவுதான். அவர்கள் கடைசிவரை ஒரு வீட்டின் ஆட்கள்.

தாய்லாந்து மொழியில் அடிமைக்குச் சொல் ‘தாத்’. எங்கள் தாசன், தாசி வந்த அதே வேர். சயாம் சட்டத்தில் அடிமைக்கு விலை உண்டு, கடனுக்காக விற்கப்பட்டவர் பணத்தைக் கட்டினால் மீளலாம், ஆனால் எஜமானர் வீட்டில் அடிமைக்குப் பிறந்த குழந்தையும் அந்த வீட்டுக் கணக்கில்தான் சேரும். அடிமை இல்லாத சாதாரண ஆணும் அயுத்தயாவில் வருஷத்தில் ஆறு மாதம் அரசுக்கு ஊழியம் செய்ய வேண்டும். 1687இல் பிரெஞ்சுத் தூதராக வந்த லா லூபேர் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார், உங்கள் ஆய்வுக் குழு அவரைப் படிக்காமல் இருந்திருக்காது. குழந்தைகளைப் படிப்படியாக விடுவிக்கும் ஆணை வந்தது 1874இல், அடிமைமுறை சட்டப்படி முழுவதுமாக ஒழிந்தது 1905இல், இரண்டுமே ஐந்தாம் ராமா மன்னர் காலம். கேட்சுராங் வந்து விழுந்த நாளிலிருந்து எண்ணினால் இருநூறு வருஷத்துக்கும் மேல்.

அவள் வரலாறு படித்தவள். 1688இல் நாராய் மன்னரின் கிரேக்க ஆலோசகர் ஃபால்கன் கொல்லப்படுவார், மன்னரும் இறந்துவிடுவார், பெத்ராச்சா என்ற அதிகாரி அரியணை ஏறுவார் என்று தெரிந்துகொண்டு உள்ளுக்குள் தவிக்கிறாள், வெளியே சொல்லவும் முடியவில்லை. அந்தத் தவிப்பை அழகாக எடுத்திருக்கிறீர்கள். ஆனால் தன் காலடியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரின் விடுதலை இன்னும் இருநூறு வருஷம் தள்ளி இருக்கிறது என்பதில் கதை நின்று தவிக்கவில்லை. பெரிய மனிதர்களின் சாவு வரலாறு, வேலைக்காரியின் வாழ்க்கை நகைச்சுவை, இப்படியா?

பல மனைவிகள் விஷயத்தில் நீங்கள் துணிந்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தாய்லாந்துச் சட்டம் ஒருவனுக்கு ஒரு மனைவி என்று ஆனதே 1935இல்தான். அப்படியிருக்க 17ஆம் நூற்றாண்டு வீட்டுக்குள் ஒரு பெண் ‘பங்கு போட மாட்டேன்’ என்று நிற்கிறாள், அவன் கேட்டுக்கொள்கிறான். ஃபால்கனின் மனைவி மரியா கியோமாரின் கண்ணீரைப் பக்கத்திலேயே வைத்தது இன்னும் நல்ல யோசனை. அவர் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும், முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும் சேர்ந்த தோங் யிப், தோங் யோட், ஃபோய் தோங் என்ற இனிப்புகளுக்குப் பின்னால் இப்படி ஒரு வாழ்க்கை இருந்திருக்கும் என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? புருஷன் போய், சிறையிலும் கிடந்து, கடைசியில் அரண்மனைச் சமையலறைக்கு வந்து சேர்ந்த பெண் அவர். அவருக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைத்தான் இங்கே கேட்கிறேன்.

உங்கள் தொடர் வந்தபோது அயுத்தயாவின் வாட் சாய்வத்தனாராம் கோயிலில் வாடகைப் பட்டுடையும் சபாய் என்ற தோள் துணியும் போட்டுக்கொண்டு படம் எடுக்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1630இல் கட்டத் தொடங்கிய கோயிலுக்கு ஒரு டிவி தொடரால் கிடைத்த மவுசு அது, சந்தோஷம்தான். எல்லோரும் எஜமானி உடையைத்தான் வாடகைக்கு எடுத்தார்கள், பின்னும் யேமும் கட்டியிருந்த துணியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2022இல் படம், 2023இல் தொடரின் அடுத்த பாகமான ‘பிரோம் லிகித்’ என்று அடுத்தடுத்து வந்துவிட்டன, இன்னும் எடுப்பீர்கள். எடுத்தால் ஒரே ஒரு காட்சி வையுங்கள். பாடம் நடத்த வேண்டாம், நகைச்சுவையாகவே இருக்கட்டும். யேம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, “அம்மணி, என் விலை எவ்வளவு?” என்று கேட்கட்டும். உங்கள் நாயகிக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை என்றாலும் கேமராவை நகர்த்தாதீர்கள்.

இப்படிக்கு,
இரண்டு தடவை பார்த்த ஒரு தமிழ் ரசிகர்